தொண்ணூறு நிமிடமும் ஆறு கிரெடிட்டும்: பொது அறிவியலைத் தேர்வால் மட்டும் அளக்க முடியுமா?

அமெரிக்காவின் காலேஜ் போர்டு அமைப்பு 1967 முதல் ‘கிளெப்’ என்னும் தேர்வுத் திட்டத்தை நடத்தி வருகிறது. கல்லூரி வகுப்பில் அமராமலேயே, ஏற்கெனவே கற்றதைத் தேர்வெழுதிக் காட்டிக் கிரெடிட் பெறுவதற்கான வழி அது. அத்திட்டத்தில் ‘இயற்கை அறிவியல்’ என்றொரு தேர்வு உண்டு. ஏறத்தாழ 120 கொள்குறி வினாக்கள், 90 நிமிடம். பாதி வினாக்கள் உயிரியலிலிருந்து; மறுபாதி இயற்பியல், வேதியியல், வானியல், புவி அறிவியல் ஆகியவற்றிலிருந்து. 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் 50 பெற்றவருக்கு 6 கிரெடிட் வழங்கலாம் என்பது அமெரிக்கக் கல்விப் பேரவையின் பரிந்துரை. அதை ஏற்பதா, எவ்வளவு ஏற்பது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்துகொள்கிறது.

அந்நாட்டில் 6 கிரெடிட் என்பது இரண்டு பருவங்கள், வாரந்தோறும் மூன்று மணிநேரம் வகுப்பில் அமர்ந்து பெறுவது. ஆண்டு முழுவதும் அமர்ந்து பெறுவதை ஒருவர் ஒன்றரை மணிநேரத்தில் பெற்றுவிடுகிறார். இது நீதியா, குறுக்குவழியா என்னும் வினா அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தேசியக் கல்விக் கொள்கை 2020-க்குப் பின் இந்திய உயர்கல்வி முழுவதும் கிரெடிட் கணக்கில் வார்க்கப்படுகிறது. ஆகவே இவ்வினா இன்றோ நாளையோ இங்கும் எழுந்தே தீரும். எழும்போது அவசரத்தில் விடை சொல்வதைவிட, இப்போதே சிந்தித்து வைப்பது நல்லது.

முதலில் கிரெடிட் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது பிறப்பிலேயே அறிவின் அளவை அன்று, நேரத்தின் அளவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னெகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. எது கல்லூரி, எது கல்லூரியன்று எனப் பிரித்தறிய அதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. மாணவர்கள் எத்தனை மணிநேரம் பாடம் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள் என்பதை அது அளவுகோலாக்கியது. ஓய்வூதியத்தை நாடிய நிறுவனங்கள் அக்கணக்கை ஏற்றுக்கொண்டன. மணிநேரத்தால் கல்வியை அளக்கும் வழக்கம் இவ்வாறுதான் நிலைபெற்றது.

இந்தியாவும் அதே வழியில் நடக்கிறது. 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணிநேரக் கற்றல். ஓர் ஆண்டுக்கு 1200 மணிநேரம், 40 கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலைப் பாடத்திட்ட வரைவு, ஒரு பருவத்தில் 15 மணிநேர விரிவுரையையோ 30 மணிநேரச் செய்முறையையோ ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. கணக்கு எதுவாயினும் அடிப்படை நேரமே. தேர்வெழுதி மட்டும் கிரெடிட் பெறும் முறையோ நேரத்தைக் கேட்பதே இல்லை, “உனக்குத் தெரியுமா?” என்று மட்டுமே கேட்கிறது. இரு வேறு தர்க்கங்கள் ஒரே நாணயத்தில் மாற்றப்படுகின்றன. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்றைய இந்திய ஏற்பாட்டில் பொது அறிவியலுக்கு எங்கே இடம்? 2022 டிசம்பரில் வெளியான அவ்வரைவின்படி, மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 9 கிரெடிட் பல்துறைப் பாடங்களுக்கு உரியவை. மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். இயற்கை அறிவியலும் இயற்பொருள் அறிவியலும் அப்பாடங்களுக்கான பிரிவுகளுள் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தையே இங்குத் திரும்ப எடுக்கலாகாது என்றும் அவ்வரைவு சொல்கிறது. ஆக, வரலாறோ வணிகவியலோ படிக்கும் மாணவர் அறிவியலின் பக்கம் ஒருமுறை எட்டிப்பார்க்கட்டும் என்பதே இதன் நோக்கம்.

அதே வேளையில் வகுப்பறைக்கு வெளியே பெற்ற கிரெடிட்டை உள்ளே கொண்டுவரும் கதவுகளும் அகலத் திறந்துள்ளன. ஸ்வயம் தளத்தின் பாடங்கள் வழியே ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரை பெறலாம் என்று 2016 விதிமுறை கூறியது. 2021 விதிமுறை அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. அதே 2021-இல் தொடங்கப்பட்ட கல்விசார் கிரெடிட் வங்கி, ஈட்டிய கிரெடிட்டை ஏழாண்டுகள் வரை சேமித்து வைக்க இடமளிக்கிறது. ஆயினும் ஸ்வயத்தில்கூட ஒரு பாடத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், வாரந்தோறும் ஒப்படைப்புகளை முடிக்க வேண்டும், பிறகுதான் தேர்வு. பதிவும் ஒப்படைப்பும் இன்றி, தெரிந்ததைக் காட்டிக் கிரெடிட் பெறும் கிளெப் முறைக்கும் இதற்கும் இடையே இன்னும் ஒரு படி உள்ளது. அப்படியை ஏறலாமா என்பதே கேள்வி.

ஏறலாம் என்போரின் வாதம் வலுவானது. ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவ ஆய்வக நுட்பத்தில் பட்டயம் பெற்று, ஒரு மாவட்ட மருத்துவமனையில் பத்தாண்டுகள் பணியாற்றியவர் அவர். நாள்தோறும் இரத்த வகை பார்க்கிறார். மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் அடையாளம் காண்கிறார். ஒரு வேதிப்பொருள் கெட்டுவிட்டதா என்பதை நிறத்தைக் கண்டே சொல்லிவிடுகிறார். பட்டம் இல்லாததால் பதவி உயர்வு கிட்டவில்லை. முப்பத்தைந்து வயதில் வரலாற்றுப் பட்டப்படிப்பில் சேர்கிறார். பல்துறைப் பாடமாக அவருக்கு ‘உயிரியல் அறிமுகம்’ ஒதுக்கப்படுகிறது. செல் என்றால் என்ன என்று தொடங்கும் 45 மணிநேர விரிவுரையில் அவர் அமர வேண்டும். 75 விழுக்காடு வருகையும் காட்ட வேண்டும். அதற்காக எத்தனை பணிநாள்களை இழப்பது? இங்கு நேரக் கணக்கு கல்வியைக் காக்கவில்லை; உழைப்பவரைத் தண்டிக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய தேர்வுகளைப் பெரிதும் நாடியவர்களுள் படைவீரர்களும் வேலை பார்த்துக்கொண்டே படிப்போரும் அடங்குவர் என்பது தற்செயலன்று.

எனினும் தேர்வை மட்டும் நம்பிய பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்பதை இந்தியா ஏற்கெனவே அறியும். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே தோன்றின. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்தின் வேலை வினாத்தாளும் சான்றிதழும். பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்க வழிவகுத்தது 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம். கல்கத்தாவில் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால், தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் கொடையைக் கொண்டு 1914-இல் அறிவியல் கல்லூரி எழுந்தது. 1917-இல் சி.வி. இராமன் அங்குப் பாலித் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். தேர்வு வாரியமாகப் பிறந்த ஓர் அமைப்பு, ஆய்வகம் அமைத்த பிறகே அறிவியலின் இல்லமாக மாறியது.

அந்தப் பிறவிக் குறை முற்றாக நீங்கவும் இல்லை. விடுதலைக்குப் பின் அமைந்த முதல் உயர்கல்விக் குழு இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைப் பரிந்துரைக்கச் சொன்னால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்னும் கருத்தை அக்குழு 1949-ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. முக்கால் நூற்றாண்டு கடந்தும், பருவத்தேர்வுக்கு முந்தைய வாரம் கல்லூரி வாசலில் ‘முக்கிய வினா-விடை’ நூல்கள் விற்றுத் தீர்வது நிற்கவில்லை. இத்தகைய மண்ணில் தேர்வுக்கு இன்னும் அதிக அதிகாரம் தருவதா என்று ஐயுறுவோர் பழமைவாதிகள் அல்லர்.

ஆனால் இவ்விரு தரப்பும் தொடாத ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: பொது அறிவியல் பாடத்தில் அந்த மாணவர் உண்மையில் எதைக் கற்க வேண்டும்?

ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. இது பாடநூலில் உள்ளது. கொள்குறி வினாவாகக் கேட்டால் ஒரு நொடியில் விடை குறித்துவிடலாம். இனி நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தால் அளக்கச் சொல்லலாம். முதல்முறை 40.2 நொடி, அடுத்து 39.6, பிறகு 40.5. எது சரி? மூன்றின் சராசரி 40.1, ஓர் அலைவுக்கு 2.005 நொடி. கடைசி இலக்கம் வரை எழுதலாமா, அந்த அளவுக்குக் கை நம்பத்தக்கதா? நான்காம் முறை 38.1 வருகிறது. கடிகாரம் பழுதா? இல்லை, கல்லை விட்ட கணத்திலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியதால் 19 அலைவுகளே அளக்கப்பட்டுள்ளன. அந்தப் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் மாணவருக்கு, அளவை என்றால் என்ன, ஐயம் என்றால் என்ன, சான்று என்றால் என்ன என்பது ஒரு பிற்பகலில் விளங்கிவிடுகிறது. நாளிதழில் வரும் ஒரு மருந்துச் செய்தியையோ மாசுக் குறியீட்டையோ பிற்காலத்தில் அவர் எடைபோடப் பயன்படப்போவது ‘2 நொடி’ என்னும் விடையன்று, 38.1-ஐக் கண்டு அவர் தயங்கிய அந்தத் தயக்கமே.

அறிவியலின் முடிவுகளைத் தேர்வால் அளக்கலாம். நன்கு அமைந்த வினாத்தாள், முடிவுகளுக்கு இடையிலான தொடர்பையும் அளக்கும். முடிவை எட்டும் வழியை 90 நிமிடக் கொள்குறித் தேர்வால் அளக்க முடியாது. கிளெப் தேர்வை நடத்துவோரும் இதை மறைப்பதில்லை. அறிவியலை முதன்மைப் பாடமாகக் கொள்ளாதவர்களின் பொதுக்கல்வித் தேவைக்கே அத்தேர்வு பெரிதும் பயன்படுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அதை ஏற்கும் கல்லூரிகளிலும், ஆய்வகத்துடன் கூடிய அறிவியல் பாடத்துக்கு அது ஈடாகாது என்று விதி வகுத்தவை பல.

இந்த இடத்தில் தேர்வு முறையை எதிர்ப்போர் வெற்றி பெற்றுவிட்டதாகத் தோன்றலாம். அவசரப்பட வேண்டியதில்லை. அவர்கள் காக்க விரும்பும் வகுப்பறையில் அந்த ஊசல் இருக்கிறதா? பல கல்லூரிகளில் கலைப்பிரிவு மாணவருக்கான பொது அறிவியல் பாடம் என்பது நூறு பேர் அமரும் அரங்கு, ஒரு திரை, ஒரு கோப்பு. ஆய்வகம் அறிவியல் துறை மாணவர்களுக்கே போதவில்லை என்பதால் இவர்களுக்குத் திறப்பதில்லை. இறுதியில் நடப்பதும் நினைவாற்றல் தேர்வே. செய்முறை இல்லாத 45 மணிநேரத்துக்கும் செய்முறை இல்லாத 90 நிமிடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு வருகைப்பதிவேடு மட்டும்தான் என்றால், எதைக் காப்பதற்காக இவ்வளவு வாதம்?

சுற்றுச்சூழல் கல்வியின் கதை இதற்கு நல்ல சான்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் அளித்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்க வழிகாட்டியது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அதில் களப்பணிக்கு 100-இல் 25 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. ஆற்றையோ குளத்தையோ குப்பைமேட்டையோ நேரில் கண்டு எழுத வேண்டும் என்பதே நோக்கம். நடைமுறையிலோ பல இடங்களில் களத்தைக் காணாமலே களக்குறிப்பேடு நிரம்பியது. முந்தைய ஆண்டின் ஏடு அடுத்த ஆண்டுக்குக் கைமாறியது. நோக்கம் நல்லதாக இருந்தும், எதைக் கண்ணால் காண்பது என்னும் ஏற்பாடு இல்லாதபோது செய்முறையும் தாளாகிவிடும் என்பதே இதன் பாடம்.

அப்படியானால் செய்முறையைத் தேர்வாக நடத்தவே இயலாதா? இயலும், இந்நாட்டில் நடந்தும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நட்பர் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் அதைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. பின்னர் 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் எளிய கருவிப்பெட்டியைக் கொண்டு குழந்தைகள் தாமே செய்து கற்றனர். அத்திட்டத்தின் தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்; தனியே செய்முறைத் தேர்வும் உண்டு. நினைவிலிருந்து ஒப்பிப்பதற்கு அங்கு மதிப்பில்லை. கவனித்தல், அளத்தல், அட்டவணையிடல், காரணம் கூறல் ஆகியவற்றுக்கே மதிப்பு. 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால் முப்பதாண்டுகள், அரசுப் பள்ளிகளில், பெரிய ஆய்வகங்கள் ஏதுமின்றி அது நடந்தது. நடுநிலைப் பள்ளியால் முடிந்தது பல்கலைக்கழகத்தால் முடியாது என்று சொல்வது நாணத்தக்கது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி புலப்படுகிறது. பொது அறிவியலின் 3 கிரெடிட்டை ஒரே பொருளாகக் கருதாமல் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு கிரெடிட் அறிந்ததற்கு. ஒரு கிரெடிட் செய்ததற்கு. முதல் இரண்டை, பாடத்தில் பதிவு செய்யாதவரும் வருகை இல்லாதவரும் தேர்வெழுதிப் பெறலாம். மூன்றாவதைப் பெற 30 மணிநேரச் செய்முறையில் நேரில் பங்கேற்க வேண்டும்; அல்லது, முன்னரே தேர்ச்சி உடையவர் ஒரு முழுநாள் செய்முறைத் தேர்வில் அதைக் காட்ட வேண்டும். மருத்துவமனை ஆய்வகத்தில் பத்தாண்டு உழைத்தவர் அந்த ஒரு நாளில் மூன்றாம் கிரெடிட்டையும் பெற்றுவிடுவார். வினா-விடை நூலை மனனம் செய்தவரால் முதல் இரண்டோடு நிற்கவே முடியும். நீதியும் தரமும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை.

அந்தச் செய்முறைத் தேர்வு ஏடு சமர்ப்பிக்கும் சடங்காகக் குறுகாமலிருக்கச் சில நிபந்தனைகள் தேவை. பணி முன்கூட்டித் தெரியக்கூடாது. பிற நிறுவனத்தின் தேர்வாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமாகக் கூடாது: ஊசல், வெப்பமானி, மஞ்சள் தோய்த்த தாள், வெங்காயத் தோலைக் காணப் போதுமான ஓர் எளிய நுண்ணோக்கி ஆகியவை போதும். மஞ்சள் தாள் சோப்புக் கரைசலில் சிவக்கும் என்று எழுதுவதற்கு மதிப்பெண் இல்லை. பெயரிடப்படாத நான்கு கரைசல்களைக் கொடுத்து, எவை காரத்தன்மை உடையவை, எதை அந்தத் தாளால் முடிவு செய்ய இயலாது என்று கேட்பதற்கே மதிப்பெண்.

இன்னும் மூன்று செய்திகளில் உறுதி வேண்டும். முதலாவது மொழி. நீட், கியூட் ஆகிய நுழைவுத்தேர்வுகள் 13 மொழிகளில் நடத்தப்படும்போது, பொது அறிவியல் கிரெடிட் தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்துவதற்குக் காரணம் ஏதுமில்லை. ஒடியாவிலோ தமிழிலோ அஸ்ஸாமியிலோ சிந்திப்பவரின் அறிவியலை அளப்பதாகச் சொல்லிவிட்டு அவருடைய ஆங்கில வாசிப்பை அளப்பது மோசடி.

இரண்டாவது ஆசிரியர் பணியிடங்கள். ஒரு துறையின் பணியிடம் அதன் பாடவேளைக் கணக்கைப் பொறுத்தது. மாணவர்கள் தேர்வால் கிரெடிட் பெறத் தொடங்கினால் வகுப்புகள் குறையும். வகுப்புகள் குறைந்தால் நிரப்பப்படாத இடங்கள் நிரந்தரமாக மறையும். எஞ்சியவை மதிப்பூதிய விரிவுரையாளர்களின் தோளில் ஏறும். சிறு நகரக் கல்லூரியின் இயற்பியல் துறை இப்படி ஓசையின்றி மூடப்படலாம். ஆகவே தேர்வால் மிச்சமாகும் விரிவுரை நேரம், அதே துறையின் செய்முறை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். செலவைக் குறைக்கும் கருவியாக இத்திட்டம் அறிமுகமானால் அதை எதிர்ப்பதே அறிவியலுக்குச் செய்யும் தொண்டு.

மூன்றாவது எல்லை. இவ்வாய்ப்பு பல்துறைப் பாடங்களுக்கு மட்டுமே உரியது. இயற்பியலையோ விலங்கியலையோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர் அத்துறையின் அடிப்படைத் தாள்களைத் தேர்வால் கடந்துசெல்லும் வழி இதன் மறைவில் நுழைந்துவிடக்கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஆய்வகமும் தேர்வாளரும் ஒரு முழுநாளும் செலவு பிடிப்பவை. கணினித் தேர்வோ ஒரே நாளில் இலட்சம் பேரை அளந்துவிடும். இது உண்மைதான். ஆனால் மலிவாக அளக்கக்கூடியதை மட்டுமே அளப்பது என்று முடிவு செய்துவிட்டால், மலிவாக அளக்கக்கூடியதை மட்டுமே கற்பிப்பது என்னும் இடத்தில்தான் பயணம் முடியும். 1857-இல் தொடங்கிய பாதையும் அங்குதான் இட்டுச் சென்றது; அதிலிருந்து மீள ஒரு சட்டமும் ஓர் அறிவியல் கல்லூரியும் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலமும் தேவைப்பட்டன.

கிரெடிட் வங்கி உருவாகிவிட்டது. அதில் எதைச் சேமிக்கலாம் என்னும் விதிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவை முற்றும் முன்னர், கல்விக் குழுக்களிலும் பாடத்திட்டக் குழுக்களிலும் இருப்போர் இந்தப் பிரிப்பை முன்வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. தேர்வு வேண்டாம் என்று சொல்லி அந்த ஆய்வக நுட்பரை 45 மணிநேரம் அமர வைப்பதும் தவறு. தேர்வே போதும் என்று சொல்லி ஒரு தலைமுறையை ஊசலைத் தொடாமலே அறிவியல் கற்றவராக அறிவிப்பதும் தவறு. இரண்டு கிரெடிட் தலைக்கும் ஒரு கிரெடிட் கைக்கும் என்னும் கணக்கில் குறை காண்போர், அதைவிடச் செம்மையான கணக்கொன்றை முன்வைத்தால் விவாதம் பயனுள்ளதாக அமையும்.